கரண்டிக்கும் நீல அட்டை

எங்கள் பினாங்கு ஜெலுத்தோங்கில் ஒரு காலத்தில் பஞ்சாபிக்குப் பெயர் 'வங்காளி'. கல்கத்தாவில் கப்பல் ஏறி வந்தான், ஆகவே வங்காளி. தாடியும் தலைப்பாகையுமாக நின்று அவன் தன் ஐந்து நதிகளைப் பற்றிச் சொல்லிப் பார்த்திருப்பான், யார் கேட்டது? பால்காரன் வங்காளி, பேங்க் வாசலில் கயிற்றுக்கட்டில் போட்டுக் காவல் காத்த ஜாகா வங்காளி. 1978-இல் ஜெலுத்தோங் தொகுதியை வென்று 1999 வரை அசையாமல் உட்கார்ந்திருந்த கர்ப்பால் சிங்கும் கோப்பிக்கடைப் பேச்சில் 'நம்ம வங்காளி வக்கீல்'தான். ம.இ.கா. தலைவர் சாமிவேலு வேண்டுமானால் சிங்கமாக இருக்கட்டும், மலேசியக் காட்டில் சிங்கம் கிடையாது, புலிதான் உண்டு, நான் புலி என்று அவர் கிண்டலடித்ததாகச் சொல்வார்கள். அப்படித்தான் அவர் ஜெலுத்தோங் புலி ஆனார். இந்த நாட்டில் மிருகமும் மண்ணின் மைந்தனாக இருந்தால்தான் மதிப்பு என்பது அந்த மனிதருக்குத் தெரிந்திருக்கிறது.

பிறகு நிஜமான வங்காளி வந்தான். அவனுக்குரிய பெயரைத்தான் ஏற்கெனவே இன்னொருவனுக்குக் கொடுத்தாகிவிட்டதே! கொடுத்ததைத் திரும்ப வாங்குவது தமிழ்ப் பண்பாடு இல்லை. ஆகவே அவன் நாட்டின் பெயரைப் பாதியில் வெட்டி, தலைத்துண்டை மட்டும் அவன்மேல் வீசினோம். 'பங்ளா.' சிக்கனமான ஏற்பாடு. நேபாளியும் பங்ளா. ரோஹிங்கியாவும் பங்ளா. ராமநாதபுரத்திலிருந்து போன மாதம் வந்து இறங்கிய முடிதிருத்தும் பையன், வாயைத் திறந்து தமிழ் பேசும்வரை அவனும் பங்ளா. பேசிவிட்டால் 'ஊர்க்காரன்'. அதைப் பதவி உயர்வு என்று யாரும் எண்ணிவிட வேண்டாம்.

இந்த வகைப்பாட்டியலில் எனக்குக் குரு, சந்தைப் பக்கம் ஒரு கோப்பிக்கடையில் காலை ஏழு மணிக்கு வந்து உட்காரும் ஓர் அண்ணன். வயது எழுபத்திரண்டு. பெயர் வேண்டாம், அவரைப் போல மேசைக்கு ஒருவர் இருக்கிறார்.

"பாசார் பக்கம் போனியா தம்பி? நம்ம ஊரு மாதிரியே இல்ல லா. எங்க பாத்தாலும் அவனுங்கதான். விட்டா நாட்டையே புடிச்சிருவானுங்க."

நாட்டைப் பிடிக்க வந்தவன் அந்நேரத்துக்குக் கடைக்குப் பின்னால் குந்தியிருந்து, முந்தின இரவின் சட்டிகளைத் தேய்த்துக்கொண்டிருந்தான்.

இதே வசனத்தை வேறு வாயிலும் கேட்டிருக்கிறேன். 2008 ஆகஸ்ட், பெர்மாத்தாங் பாவ் இடைத்தேர்தல். புக்கிட் பெண்டேரா அம்னோ தொகுதித் தலைவர் அஹ்மட் இஸ்மாயில், சீனர்கள் இங்கே ஒண்ட வந்தவர்கள் என்ற பொருளில் பேசினார். ஊர் கொந்தளித்தது. பேசியவருக்குக் கட்சியிலிருந்து மூன்றாண்டு இடைநீக்கம். பேச்சைச் செய்தியாக்கிய சின் சியூ நாளேட்டின் பெண் நிருபருக்கோ உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டம். ஒரு நாள் முடிவதற்குள் விட்டுவிட்டார்கள். ஏன் பிடித்தீர்கள் என்று கேட்டதற்கு, அவருடைய பாதுகாப்புக்காகத்தான் என்றார் உள்துறை அமைச்சர். வீடு பற்றி எரியும்போது தீயை விட்டுவிட்டு, 'தீ தீ' என்று கத்தியவளைக் கொண்டுபோய்ப் பூட்டி வைத்த அக்கறை!

அன்று அண்ணனைப் பார்த்திருக்க வேண்டும். மேசையைக் குத்தியதில் கோப்பி சாசரில் தளும்பியது. "இன்னைக்குச் சீனன், நாளைக்கு நாம! பென்டாத்தாங்கா? யாரு பென்டாத்தாங்? நாலு தலமுற! ரோடு போட்டது யாரு? தண்டவாளம் போட்டது யாரு? பால்மரம் வெட்டுனது யாரு?"

மூன்றும் நியாயமான கேள்விகள். அதனால்தான் அவற்றை அவர் பீரோவில் வைத்துப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டிருக்கிறார். இன்னொருவன் எடுத்துக் கேட்டுவிட்டால்? இந்த அடுக்குமாடியைக் கட்டியது யார், பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் இரவு ஷிப்டில் நிற்பது யார், உன் வீட்டுச் சாக்கடையில் இறங்கியது யார் என்று?

'பென்டாத்தாங்' என்றால் வந்தேறி. நம்மைச் சொன்னால் கொதிக்கிறோம். ஆனால் அனுமதியில்லாமல் இருக்கும் வெளிநாட்டவருக்கு அரசாங்கம் வைத்திருக்கும் பெயரே 'பென்டாத்தாங் ஆசிங் தன்பா இசின்'. சுருக்கினால் 'பத்தி'. அதே வந்தேறிதான், முத்திரை குத்தி, கோப்பில் போட்டு, முதலெழுத்துகளாக உதிர்த்த வந்தேறி. அதை உச்சரிக்கும்போது நம் நாக்கு கூசுவதில்லை. "நேத்து ராத்திரி குடிநுழைவுத் துறை வந்து பத்தி புடிச்சிட்டுப் போச்சு" என்கிறோம், ஏதோ கொசு மருந்து அடித்த மாதிரி. சாமிக்கு ஏற்றுவதும் பத்தி, நான் எழுதிக்கொண்டிருப்பதும் பத்தி. பிடித்துக்கொண்டு போவது மட்டும் மனிதர்களை.

வாடகை வீட்டு விளம்பரங்களில் 'சீனர் மட்டும்' என்றும் 'இந்தியர் வேண்டாம்' என்றும் போடுகிறார்கள். அதைத் தடுக்க இந்த நாட்டில் சட்டம் இல்லை. நம் பிள்ளைகள் போனில் பெயரைச் சொன்னதும் வீடு மாயமாக மறைகிறது. அதற்கு அண்ணன் பட்ட கோபம் சத்தியமான கோபம். அவர் மகன் இரண்டு வருடம் அலைந்தான். இப்போது அண்ணனுக்கும் வாடகைக்கு விட ஒரு வீடு இருக்கிறது. இன வெறி கூடாது என்பதால் சீனர், மலாய்க்காரர், இந்தியர் எல்லாருக்கும் கொடுப்பார். "பங்ளாவுக்கு மட்டும் இல்ல தம்பி. அவனுங்க சமைச்சா வாட."

மசாலா வாடை. மகனுக்கு வீடு கொடுக்காத சீனக் கிழவி சொன்னதும் அதே காரணம்தான் என்பதை நான் நினைவுபடுத்தவில்லை. காலையில் ரத்த அழுத்தம் ஏறக் கூடாது, அவருக்கும் எனக்கும்.

வாடை என்றதும் சமையலுக்கு வருகிறேன். இது பினாங்கு. இங்கே எந்த வம்பும் கடைசியில் சட்டிக்குள்தான் விழும். லிம் குவான் எங் முதலமைச்சராக இருந்தபோது, 2014-இல் அறிவிக்கப்பட்டு, 2016 ஜனவரி 1 முதல் ஒரு விதி நடைமுறைக்கு வந்தது. அங்காடிக் கடையில் வெளிநாட்டவர் தலைமைச் சமையற்காரராக இருக்கக் கூடாது. கை உதவி செய்யலாம். வெங்காயம் உரிக்கலாம், கண்ணீர் விடுவதற்குத் தடையில்லை. இறால் சுத்தம் செய்யலாம், சட்டி கழுவலாம், மேசை துடைக்கலாம், கரி மூட்டை தூக்கலாம். கரண்டியை மட்டும் தொடக் கூடாது. காரணம், பாரம்பரியச் சுவை கெட்டுவிடும். மாநகர் மன்ற அதிகாரி வந்து பார்ப்பார். சுவையையா? அடையாள அட்டையை. குடிமகனின் நீல அட்டை இருந்தால் சுவை உண்டு.

யாருடைய பாரம்பரியம் என்று கேட்டுப் பாருங்கள். சார் குவே தியாவ் தென்சீனக் கடற்கரையிலிருந்து பசியோடு கப்பல் ஏறியவர்கள் கொண்டுவந்த வாணலி. ஹொக்கியன் மீ தன் பிறந்த ஊரைப் பெயரிலேயே பச்சை குத்திக்கொண்டு திரிகிறது. நாசி கண்டார்? 'கண்டார்' என்றால் தோள்மேல் கம்பு வைத்துக் காவடியாகச் சுமப்பது. ஒரு முனையில் சோற்றுப் பானை, மறுமுனையில் குழம்புச் சட்டி, நடுவில் ஒரு தமிழ் முஸ்லிமின் தோள்பட்டை. அந்தத் தோளைத்தான் இன்று ஊர் முழுக்க விளக்குப் பலகை போட்டு விற்கிறார்கள். அவர் வந்து இறங்கிய அன்று இந்த விதி இருந்திருந்தால், பினாங்கு உலகுக்குக் கொடுத்திருக்கும் பாரம்பரிய உணவு வெந்நீர். பின்னால் நாசி கண்டாரையும் வெளிநாட்டவர் சமைக்கக் கூடாத பட்டியலில் சேர்க்கலாமா என்று பேச்சு கிளம்பியபோது நான் சிரிக்கவில்லை. காவடி தூக்கியவனின் பேரன், அடுத்து வருகிறவனின் காவடியைத் தட்டிவிடக் கை நீட்டுகிறான். இதில் சிரிக்க என்ன இருக்கிறது?

நீல அட்டை என்றேன். எங்கள் அப்பாயியிடம் இருந்தது சிவப்பு. ரஜூலா கப்பலில் வந்தவள். தோட்டத்தில் நாற்பது வருஷம் வெட்டினாள், ஆறு பெற்றாள், இரண்டைப் புதைத்தாள், சாகும்வரை நிரந்தரவாசி. நிரந்தரமாக வாசி, சொந்தம் என்று மட்டும் சொல்லாதே என்று அர்த்தம். 1969 கலவரத்துக்குப் பிறகு, குடியுரிமை இல்லாதவர் வேலை செய்யப் பெர்மிட் வேண்டும் என்ற 1968-இன் சட்டத்தை இறுக்கினார்கள். எந்த மரங்களை வெட்டி வளர்ந்தார்களோ அதே மரங்களை வெட்டப் பெர்மிட்! தோட்டங்களிலிருந்து பத்தாயிரக்கணக்கில் நம் ஆட்கள் தகரப் பெட்டியோடு கப்பல் ஏறினார்கள். லயத்தில் அடுப்பு அப்படியே கிடந்தது. அப்பாயியின் தங்கை அப்படிப் போனவள்தான். நாகப்பட்டினத்தில் இறங்கியதும் அங்கே அவளுக்குக் கிடைத்த பெயர் 'மலேயாக்காரி'.

அண்ணன் வீட்டிலும் இந்தக் கதை உண்டு. சொல்லும்போது அழுவார். நான் பார்த்திருக்கிறேன். கண்ணைத் துடைத்த கையோடு அடுத்த மேசையைக் காட்டி, "இவனுங்களுக்குப் பெர்மிட்டு இருக்கான்னு பாக்கணும் லா" என்பார்.

ஆனால் நாம் முற்றிலும் வெளிநாட்டவருக்கு எதிரிகள் என்று சொன்னால் அபாண்டம். முடிதிருத்தகம், ஜவுளிக்கடை, நகைப்பட்டறை மூன்றுக்கும் ஆள் வேண்டும், ஊரிலிருந்து ஆள் வேண்டும் என்று நம் முதலாளிகள் ஆண்டுக்கணக்கில் மனுப்போட்டார்கள். நம் தலைவர்கள் முழங்கினார்கள், இது இந்திய சமுதாயத்தின் வாழ்வாதாரப் பிரச்சினை என்று. 2023-இல் மூன்றுக்கும் சேர்த்து 7,500 பேருக்கு அரசாங்கம் இசைந்தபோது வெற்றி வெற்றி என்றார்கள். கவனியுங்கள், கேட்டது கைகளை. 15,000 கைகள். அவற்றோடு ஒரு வாய், ஒரு வயிறு, ஞாயிற்றுக்கிழமையானால் கொம்தார் பக்கம் நின்று ஊருக்குப் போன் பேசும் ஒரு மனசும் சேர்ந்து வந்துவிடுகின்றன. அதற்கு யார் மனுப்போட்டார்கள்?

செத்தாலாவது மனிதராவார்களா என்றால் அதுவும் உறுதியில்லை. 2017 அக்டோபர் 21, தஞ்சோங் பூங்காவில் அடுக்குமாடி வேலைத்தலத்தில் மண் சரிந்து 11 பேர் புதைந்தார்கள். பெரும்பாலோர் வெளிநாட்டுத் தொழிலாளர்கள். கோப்பிக்கடையில் அன்றைய விவாதம், மலைச்சரிவில் வீடு வாங்கலாமா என்பது. 2022 ஏப்ரல் 20 விடியற்காலை, கெடா எல்லையிலிருந்த தடுப்பு முகாமை உடைத்துக்கொண்டு 528 ரோஹிங்கியாக்கள் ஓடினார்கள். ஜாவி அருகே நெடுஞ்சாலையைக் குறுக்கே கடந்தபோது வண்டிகளில் அடிபட்டு ஆறு பேர் செத்தார்கள். இருவர் குழந்தைகள். "ஓடலாமா? சட்டம்னு ஒண்ணு இருக்குல்ல?" என்றார் அண்ணன். குழந்தைகள் எந்தச் சட்டத்தை மீறின என்று கேட்டேன். தோசைக்குச் சாம்பார் கேட்டார்.

போன மாதம் ஒரு நாள், நாங்கள் உட்கார்ந்திருந்தபோது மாநகர் மன்றச் சோதனை என்று தெருமுனையிலிருந்து தகவல் வந்தது. குவே தியாவ் போடுகிற பையன், மியன்மார்க்காரன், ஆறு வருடமாக அந்த வாணலிக்கு முன் நிற்பவன், கரண்டியைச் சத்தமில்லாமல் வைத்தான். ஏப்ரனைக் கழற்றி எங்கள் மேசைக்கு வந்து வாடிக்கையாளர் மாதிரி உட்கார்ந்துகொண்டான். கடை முதலாளி தவ்கே ஓடிப்போய் வாணலியைப் பிடித்தார். நீல அட்டைக்காரர், மூன்றாம் தலைமுறை. அவர் கடைசியாக எப்போது அடுப்புக்குப் பக்கத்தில் போனார் என்பது அவருக்கே தெரியாது. எண்ணெய் புகைந்தது, முட்டை கருகியது. அதிகாரிகள் அட்டையைப் பார்த்தார்கள், தலையாட்டினார்கள், போனார்கள்.

அண்ணனின் தட்டு வந்தது. ஒரு வாய் வைத்தார். முகம் சுளித்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்தவனைப் பார்த்து, சற்றுக் கோபமாகவே, மலாயில் கேட்டார்:

"ஏன்டா, இன்னைக்கு நீ போடலையா?"