நல்ல வலைத்தளம் கண்ணில் படாமை: கடலூர், சிதம்பரம் சான்றுகளை முன்வைத்து ஓர் ஆய்வு

ஆய்வுச் சிக்கல்

நல்ல வலைத்தளம் ஒன்றை உருவாக்கியவர், ஆள் வராமல் ஏன் ஈயோட்டுகிறார்? அறிஞர்கள் இக்கேள்வியைக் கணினித் துறையின் தலையில் கட்டிவிட்டார்கள். இது அசல் தென்னார்க்காட்டுச் சிக்கல் என்று நிறுவுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

சான்று 1: பூட்டு

தேவார ஏடுகள் சிதம்பரம் எனும் தில்லைக் கோயில் அறையொன்றில் பூட்டிக் கிடந்தன. பாடிய மூவரும் வந்தால்தான் திறப்போம் என்றார்கள் தீட்சிதர்கள். ராசராசன் மூவர் திருமேனிகளையும் கொண்டுவந்து நிறுத்தினான். இது திருமுறை கண்ட புராணம் தரும் செய்தி. கதவு திறந்தபோது கறையான் முந்திக்கொண்டிருந்தது. எஞ்சியதை நம்பியாண்டார் நம்பி திருமுறைகளாக வகுத்தார்.

1998இல் தோன்றிய டிமாஸ் என்ற வலைத்தள அடைவிலும் இதே நடைமுறைதான். முகவரியைக் கொடுத்துவிட்டு, தன்னார்வத் தொகுப்பாளர் ஒருவர் பார்க்கும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. எப்போது பார்ப்பார் என்பதற்குக் கெடு இருக்கவில்லை. வேறுபாடு ஒன்றே: தில்லையில் கதவு திறந்தது, டிமாஸ் 2017 மார்ச்சில் ஒரேயடியாக மூடிக்கொண்டது. யாகூவின் அடைவு 2014 டிசம்பரிலேயே போய்விட்டது.

சான்று 2: குண்டு

கடலூர்த் தேவனாம்பட்டினம் கோட்டையை 1690இல் மராட்டியரிடம் வாங்கிய கிழக்கிந்தியக் கம்பெனி, பீரங்கியை வெடித்து எல்லை குறித்தது. குண்டு எட்டிய தூரத்து ஊர்களெல்லாம் கம்பெனிக்கு. அவற்றுக்குக் குண்டு கிராமங்கள் என்றே பெயர் நின்றது. அடைவுகளின் வகைப்பாட்டுக் கொள்கைக்கு இதைவிடத் தெளிவான முன்னோடி இல்லை. பிச்சாவரம் பற்றிய தளம் சுற்றுலாவா, தாவரவியலா, படகுப் போக்குவரத்தா? எங்கே விழுகிறதோ அதுவே அதன் வகை.

சான்று 3: சிபாரிசு

பிறகு கூகுள் வந்தது. லாரி பேஜும் செர்கே பிரின்னும் வகுத்த முறைப்படி, பிற தளங்கள் எதைச் சுட்டுகின்றனவோ அது மேலே வரும். பெரிய இடம் சுட்டினால் இன்னும் மேலே. யாருக்கும் தெரியாத தளத்தை யாரும் சுட்டுவதில்லை. யாரும் சுட்டாததால் அது யாருக்கும் தெரிவதில்லை. அலுவலக வாசலில் “யார் அனுப்பினாங்க?” என்று கேட்கிறார்களே, அதன் கணித வடிவம் இது.

மறுப்பும் முடிவும்

அப்படியானால் ராசராசன் கிடைக்காத தளத்துக்குக் கதியில்லையா என்று கேட்கலாம். அவனுக்கு முந்திய பல்லவர் காலத்துத் திருவல்லம் கல்வெட்டே திருப்பதியம் பாடுவோருக்கான ஏற்பாட்டைச் சொல்கிறது. ஏட்டின் கதை எப்படியானாலும், பாட்டு ஊர் ஊராகப் பாடுவோர் வாயில் இருந்திருக்கிறது. ஆகவே தளம் வைத்திருப்போர் அடைவுகளுக்குப் படிவம் நிரப்புவதை நிறுத்திவிட்டு, படித்தது பிடித்துப்போய் நாலு பேரிடம் சொல்லும் ஓதுவார் ஒருவரைத் தேடிக்கொள்வது நலம்.

அவருக்குச் சம்பளமாக நிலமா, நெல்லா என்பது தனி ஆய்வுக்குரியது. நிதி கிடைத்தால் தொடங்கப்படும்.