நடுவுல இருக்கிற மாப்பிள்ளை

காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் எங்கள் தெருவில் ஒரு பையன் இருக்கிறான். பையன் என்றால், 31 வயது. போன தையில் பெண் பார்க்கப் போனார்கள். துணைக்கு நானும் போயிருந்தேன்.

"பையன் என்ன வேலை பார்க்கறார்?"

"செல்போன், சார்ஜர்னு புதுசா வர்ற சாமான் எல்லாம்..." என்று இழுத்தார் தரகர்.

"கண்டுபிடிக்கறாரா?"

"அது வேற டிபார்ட்மென்ட்."

"அப்ப, செய்யறாரா?"

"அதுவும் வேற ஆளுங்க."

பெண்ணின் தாத்தா காபி டம்ளரைக் கீழே வைத்தார். "அப்ப இவரு?"

"நடுவுல."

அந்த இடம் அமையவில்லை.

ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இந்த ரகத்துக்கு என்.பி.ஐ., அதாவது நியூ ப்ராடக்ட் இன்ட்ரொடக்‌ஷன், இன்ஜினியர் என்று பெயர். 2006-ல் அங்கே நோக்கியா ஆலை வந்தது, 2014-ல் மூடியது. பிறகு வேறு பெயர்ப்பலகைகள் வந்தன. ராமானுஜர் ஸ்ரீபெரும்புதூரில் பிறந்து, பாடம் கேட்கக் காஞ்சிக்கு வந்தார். நம் ஆள் மூங்கில் மண்டபத்தில் கம்பெனி பஸ் ஏறி, தினமும் எதிர்த்திசையில் போகிறான். ஞானம் கிடைத்ததா தெரியாது, கழுத்துவலி கிடைத்திருக்கிறது.

வேலை இதுதான். டிசைன்காரர்கள் மேசையில் ஒன்றே ஒன்று செய்து ஓட்டிக் காட்டிவிட்டுப் போய்விடுவார்கள். லென்ஸ் வைத்துக் கையால் பற்றவைத்தது, ஓடாமல் என்ன செய்யும்? அதையே பத்தாயிரம் செய்ய வேண்டும், போன வாரம் வேலைக்குச் சேர்ந்த பெண்கள் ராத்திரி ஷிஃப்ட்டில் செய்ய வேண்டும், பத்தாயிரமும் ஓட வேண்டும். அதற்குள் மூன்று படி தாண்ட வேண்டும்: ஈவிடி, டிவிடி, பிவிடி. சாமான் ஓடுகிறதா, டிசைன் தாங்குகிறதா, லைன் தாங்குகிறதா. "டிவிடி முடிஞ்சிருச்சு சார்" என்று இவன் திண்ணையில் நின்று போனில் கத்தியதைக் கேட்ட எதிர்வீட்டு அத்தை, பழைய சிவாஜி படம் இருந்தால் கொடு என்று கேட்டாள்.

ஒருநாள் விடியற்காலையில் வந்தான், கண்ணெல்லாம் சிவந்து. அப்பா தறிக்குழியில் கால் விட்டு உட்கார்ந்திருந்தார்.

"மணல் மாதிரி ஒரு சாமான்பா. அரை மில்லிமீட்டர் சொச்சம். போர்டுல படுத்திருக்கணும். அடுப்புக்குள்ள போய் வர்றதுக்குள்ள எழுந்து செங்குத்தா நிக்குது."

"ஒரு பக்கம் முன்னாடி இளகுதா?"

இவன் விழித்தான். "ஆமாம்பா. ஒரு முனையில சால்டர் முதல்ல உருகி இழுத்துடுது."

அப்பா நாடாவை நிறுத்தவில்லை. "கோர்வையில உடம்பும் கரையும் ஒரே இழுப்புல இல்லேன்னா சேலை சுருட்டிக்கும். ரெண்டு பக்கமும் சமமா சூடு ஏத்து. போய்த் தூங்கு."

இதையே மறுநாள் பன்னிரண்டு ஸ்லைடில் சொல்லிப் பாராட்டு வாங்கினான். அதற்காக அப்பாவுக்கு இந்தத் தொழில்மேல் மதிப்பு வந்துவிட்டதாக நினைக்க வேண்டாம். "பத்தாயிரமும் ஒரே மாதிரியா? அதுக்குப் பேரு யூனிஃபார்ம்டா" என்பார். ஒரு பாவில் மூன்று சேலை இறக்குகிறவர் அவர். மூன்றும் ஒரே மாதிரி இருந்தால் அவருக்குத் தூக்கம் வராது, வேறு வேறாக இருந்தால் இவனுக்கு வராது.

தொழில் வியாதி வீட்டுக்குள்ளும் வந்துவிட்டது. சால்டர் பேஸ்ட்டை ஃபிரிட்ஜில் வைப்பார்கள், வெளியே எடுத்துச் சில மணி நேரம் அறைச்சூட்டுக்கு வந்த பிறகுதான் மூடியைத் திறப்பார்கள். இப்போது அந்த வீட்டு இட்லி மாவுப் பாத்திரத்தில் ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறது: எடுத்த நேரம், திறக்கும் நேரம், கையெழுத்து. அம்மாவுக்கும் கையெழுத்துப் போடும் இடம் உண்டு.

ஒரு சனிக்கிழமை அந்த அம்மாள் காஞ்சிபுரம் இட்லி வார்த்தாள். வரதர் கோயிலில் மந்தாரை இலை விரித்த மூங்கில் குடலையில் வேகிறது, வீட்டில் டம்ளர்தான். வெந்ததில் நல்லதாக ஒன்றை எடுத்து, "இது கோல்டன் சாம்பிள், யாரும் தொடாதீங்க" என்று தனித்தட்டில் வைத்தான் இவன். மற்ற ஐந்தையும் அதோடு ஒப்பிட்டான். ஒன்றில் மிளகு ஏழு, இன்னொன்றில் பதினொன்று. "ஏம்மா, ப்ராசஸ் கன்ட்ரோலே இல்லையா?"

"பதினொண்ணு இருக்கறத நீ தின்னு" என்றாள்.

திரும்பிப் பார்ப்பதற்குள் கோல்டன் சாம்பிளை அக்கா பையன் முடித்திருந்தான்.

உற்பத்தி முழுவீச்சில் தொடங்கும் நாளில் கம்பெனியில் கேக் வெட்டுவார்கள். போட்டோவில் எல்லாரும் இருப்பார்கள். இவன் இருக்க மாட்டான், அடுத்த சாமானின் ஈவிடிக்குப் போயிருப்பான்.

தரகர் இப்போதெல்லாம் உத்தியோகம் என்ற இடத்தில் ‘கம்பெனி’ என்று மட்டும் எழுதுகிறார். நல்ல பையன், கெட்ட பழக்கம் எதுவும் கிடையாது. தெரிந்த இடத்தில் பெண் இருந்தால் சொல்லுங்கள். இட்லியில் மிளகு எண்ணுவான் என்பதை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.