சும்மா இருந்து ஜெயித்தவன்

எங்கள் வம்சத்தில் கரண்டைத் தேர்ந்தெடுத்து வாங்கியவர் எவரும் கிடையாது. தாத்தா காலத்தில் தெருவில் கம்பம் நட்டார்கள், வந்தது. அப்பா காலத்தில் வந்தது, போனது, மறுபடி வந்தது. இரண்டு மாதத்துக்கு ஒரு தரம் ஈ.பி.காரர் வந்து அட்டையில் எழுதிவிட்டுப் போவார். எழுதியதைக் கட்டுவோம். இதில் அப்பா காட்டக்கூடிய ஒரே சாமர்த்தியம் ஐந்நூறைத் தாண்டாமல் பார்த்துக்கொள்வதுதான். 2022 செப்டம்பர் வரை இருந்த கணக்குப்படி, தமிழ்நாட்டில் இரண்டு மாதத்துக்கு 500 யூனிட் ஓடினால் 1,130 ரூபாய். 501 ஓடினால் 1,786 ரூபாய் சொச்சம். அந்த ஒற்றை யூனிட்டின் விலை அறுநூற்றைம்பது ரூபாய்க்கு மேல்! ரீடிங் எடுக்கிற வாரத்தில் அப்பா மீட்டர் பெட்டிக்கு அடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிடுவார். ஃபிரிட்ஜ்கூட அவரைக் கேட்டுக்கொண்டுதான் உறுமும்.

அப்பேர்ப்பட்டவரின் பிள்ளை லண்டன் ஈஸ்ட் ஹாமில் வீடு வாங்கியபோது, கேஸையும் கரண்டையும் எந்தக் கம்பெனியிடம் வேண்டுமானாலும் வாங்கிக்கொள்ளலாம் என்றார்கள். எனக்குப் புல்லரித்தது. கம்பெனி மாறினால் கம்பி மாறாது, குழாய் மாறாது, மாடிப்படிக்குக் கீழே துணிமணிக் குப்பைக்கு நடுவில் இருக்கும் மீட்டரும் மாறாது. பில் அனுப்புகிற ஆள் மட்டும் மாறுவார். இருந்தாலும் ஒப்பிட்டுக் காட்டும் வலைத்தளத்தில் பின்கோடைத் தட்டினால், மலிவானதிலிருந்து வரிசையாகக் கம்பெனிகள் என் முன்னால் கைகட்டி நின்றன. முதலில் நிற்பவரைக் கை காட்டுவேன். அடுத்த வருஷம் இன்னொருவரைக் கை காட்டுவேன். "எப்படிப் பார்த்து மாத்தினேன் பார்த்தியா" என்று வீட்டில் சொல்வேன். "ஆமாங்க" என்று சொல்லிக்கொண்டே என் மனைவி வெங்காயம் நறுக்குவாள்.

இங்கே வாங்குகிறவர் இரண்டே ஜாதி. ஒருவர் ஃபிக்ஸட்: ஒரு வருஷத்துக்கோ இரண்டு வருஷத்துக்கோ யூனிட் விலையைப் பூட்டிவிடுவார், நடுவில் கழன்றுகொள்ளப் பெரும்பாலும் அபராதம் உண்டு. மற்றவர் வேரியபிள்: விலை ஏறினால் ஏறுவார், இறங்கினால் இறங்குவார். கண்டபடி ஏறாமலிருக்க, ஆஃப்ஜெம் என்கிற ஒழுங்குமுறை ஆணையம் 2019 ஜனவரியிலிருந்து ஓர் உச்சவரம்பு வைத்திருக்கிறது. பெயர் ப்ரைஸ் கேப்.

2021 இலையுதிர்காலத்தில் கேஸ் மொத்த விலை எகிறியது. பெருந்தொற்று ஓய்ந்து உலகம் மறுபடி அடுப்பு மூட்டியதில் எல்லோருக்கும் கேஸ் தேவைப்பட்டது. ஆறு ரூபாய்க்கு வாங்கி நாலு ரூபாய்க்கு விற்க வேண்டிய நிலைக்கு வந்த சின்னக் கம்பெனிகள் ஒவ்வொன்றாக விழுந்தன; மொத்தம் முப்பதுக்குக் கிட்டே. மலிவானதை மட்டுமே பொறுக்கிப் பொறுக்கி எடுத்தவன் நான் என்பதால், என் கம்பெனியும் அந்தப் பட்டியலில் இருந்தது என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. யாருடைய வாடிக்கையாளரையும் இருட்டில் விடக் கூடாது என்பது சட்டம். ஆஃப்ஜெம் எங்களை வேறொரு கம்பெனியிடம் ஒப்படைத்தது. முன்பணமும் பத்திரமாக வந்து சேர்ந்தது. ஆனால் நான் கை காட்டாத ஆசாமியிடமிருந்து "வருக, வருக" என்று மின்னஞ்சல் வந்தபோது எனக்குப் பதவி போன மாதிரி இருந்தது.

ஒப்பிடும் வலைத்தளத்துக்குப் போனேன். இப்போதைக்குக் காட்டுவதற்கு ஒன்றும் இல்லை என்றது.

2022 பிப்ரவரியில் ஆஃப்ஜெம் அறிவித்தது: சராசரி வீட்டுக்கு வருஷத்துக்கு 1,277 பவுண்டாக இருந்த உச்சவரம்பு ஏப்ரல் 1 முதல் 1,971. ஏற்றம் 54 சதவீதம். அதே மாதக் கடைசியில் ரஷ்யா உக்ரைனுக்குள் நுழைந்தது. இதற்குப் பிறகு ஈஸ்ட் ஹாம் ஹை ஸ்ட்ரீட் நார்த்தில் முருங்கைக்காய் வாங்கப் போனால்கூட யாரும் "சௌக்கியமா" என்று கேட்பதில்லை. "ஃபிக்ஸ் பண்ணிட்டீங்களா?" என்பதுதான் குசல விசாரிப்பு.

பண்ணவில்லை. கம்பெனிகள் நீட்டிய ஃபிக்ஸட் விலைகள் உச்சவரம்பைவிட எக்கச்சக்கமாக இருந்தன. பூட்டினால் இன்றே நஷ்டம். பூட்டாவிட்டால் நாளைக்கு நஷ்டம் வரலாம். எக்ஸெல்லில் ஒரு ஷீட் திறந்தேன். முதல் பத்தியில் போன வருஷ யூனிட், அடுத்ததில் விலை, அதற்கடுத்ததில் ஐந்து சதவீத வாட் வரி. கேஸில் வந்து தடுக்கி விழுந்தேன். கேஸ் மீட்டர் கனமீட்டர் காட்டுகிறது. பில் வருவது யூனிட்டில். ஒன்றை இன்னொன்றாக்க 1.02264ஆல் பெருக்கி, அந்தந்த நேரத்துக் கேஸின் வெப்ப மதிப்பால் பெருக்கி (அது 39க்குப் பக்கத்தில் எங்கேயோ உலவும்), 3.6ஆல் வகுக்க வேண்டும். பன்னிரண்டாம் வகுப்பில் கணக்கில் நான் வாங்கிய மார்க்கை என் மனைவி இன்னும் மறக்கவில்லை. "எவ்வளவு வருதுங்க?" என்றாள். "அது கேஸோட குணத்தைப் பொறுத்தது" என்றேன். "உங்க அம்மா பேசற மாதிரியே இருக்கு" என்றாள்.

மார்ச் 31ஆம் தேதி நாடே மீட்டர் பார்த்தது. அன்றைய ரீடிங்கைக் கம்பெனிக்குக் கொடுத்துவிட்டால் அதுவரை ஓடியது பழைய விலையில் சேரும் என்று சொல்லியிருந்தார்கள். மாடிப்படிக்குக் கீழே தலையை நுழைத்து, கொலுப்படிகளையும் வாக்வம் கிளீனரையும் நகர்த்தி, செல்போன் வெளிச்சத்தில் எண்ணைக் குறித்துக்கொண்டு வெளியே வந்தால், கம்பெனி கம்பெனியாக இணையதளம் படுத்துவிட்டது. ஒரே நாளில் இத்தனை பேர் எண்ணைத் தூக்கிக்கொண்டு வருவார்கள் என்று அவர்கள் நினைக்கவில்லை போலிருக்கிறது. நள்ளிரவு வரை சுற்றிச் சுற்றி வரும் வட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த நேரமெல்லாம் கம்ப்யூட்டருக்கு ஆன கரண்டை நான் ஷீட்டில் சேர்க்கவில்லை.

பிறகு ஸ்மார்ட் மீட்டர் வைத்தார்கள். கூடவே சமையலறைக்கு ஒரு குட்டித் திரையும் கொடுத்தார்கள். குறைவாகச் செலவானால் பச்சை விளக்கு, கொஞ்சம் கூடினால் மஞ்சள், அதற்கும் மேல் சிவப்பு. வீட்டில் நான் பேசினால் யாரும் கேட்பதில்லை. அது பேசாமலே எல்லோரையும் மிரட்டியது. நான் அதன் பிரதிநிதியாக மாறினேன். "யார் அங்கே லைட் போட்டது?" என்பது என் வாயில் நாமாவளி ஆயிற்று.

இரவு ஏழு மணி நேரத்துக்கு மலிவாகக் கரண்டு தரும் எகானமி செவன் என்றொரு டேரிஃப் 1978லிருந்து இங்கே உண்டு. ராத்திரி ஒரு மணிக்கு மாவு அரைக்கலாமே என்று எனக்கு யோசனை உதித்தது. டேபிள்டாப் கிரைண்டர் 150 வாட். நாற்பது நிமிஷம் ஓடினால் பத்தில் ஒரு யூனிட். 2022 அக்டோபரில் வந்த 34 பென்ஸ் விலையிலேகூட மூன்றரை பென்ஸ் ஆகாது. ராத்திரி பாதி விலை என்றே வைத்துக்கொண்டாலும் லாபம் இரண்டு பென்ஸுக்குள். இதற்காக நான் கண் விழிக்க வேண்டும். ஒட்டுச் சுவர் வீடு என்பதால் பக்கத்து வீட்டு வெள்ளைக்காரப் பாட்டியும் கண் விழிக்க வேண்டும். "ரெண்டு பென்ஸை நானே தரேன், தூங்குங்க" என்றாள் மனைவி.

என் மகள்தான் உண்மையான தணிக்கை அதிகாரி. என் காலைக் குளியல் எலக்ட்ரிக் ஷவரில்; ஒன்பது கிலோவாட். ஸ்லோகம் எல்லாம் முடித்து நான் வெளியே வர இருபது நிமிஷம் ஆகும். மகள் ஒரு தாளை நீட்டினாள். "அப்பா, உங்க குளியல் மூணு யூனிட். என் ரூம் எல்.இ.டி. பல்பு ஒன்பது வாட். நீங்க ஒரு தடவை குளிக்கறதுக்கு நான் அந்த பல்பை 333 மணி நேரம் எரிக்கலாம். பதிமூணு நாளைக்கு மேல." அன்றிலிருந்து ஸ்லோகத்தை வெளியே வந்து சொல்கிறேன். பல்பு விஷயத்தில் பேசுவதில்லை.

இதெல்லாம் கரண்டு. அசல் காசு போவது கேஸில். சராசரி வீட்டுக்கு வருஷத்துக்குக் கரண்டு 2,900 யூனிட், கேஸ் 12,000 யூனிட் என்றுதான் ஆஃப்ஜெம் அப்போது கணக்கு வைத்திருந்தது. பாய்லர்தான் குபேரன். அதை விட்டுவிட்டு நான் பல்பைத் துரத்திக்கொண்டிருந்தேன். ஏனென்றால் பல்புக்கு ஸ்விட்ச் என் கைக்கு எட்டுகிறது; ஹீட்டிங் தெர்மோஸ்டாட் மனைவியின் ஆட்சிக்குட்பட்ட ஹாலில் இருக்கிறது.

ஆகஸ்ட் 26, வெள்ளிக்கிழமை, காலை ஏழு மணி. ஆஃப்ஜெம் அடுத்த குண்டைப் போட்டது: அக்டோபர் முதல் 3,549 பவுண்டு. ஜனவரியில் ஐயாயிரம் தாண்டும், அடுத்த ஏப்ரலில் ஆறாயிரம் தாண்டும் என்று நிபுணர்கள் டி.வி.யில் சொன்னார்கள். எனக்குக் கை நடுங்கியது. ஷீட்டைத் திறந்தேன். அப்போது கைவசமிருந்த ஒரு ஃபிக்ஸட் ஆஃபர் போன வருஷப் பில்லைப்போலப் பல மடங்கு. இருந்தாலும் ஆறாயிரத்துக்கு அது தேவலை அல்லவா? "சம்மதம்" பொத்தானுக்கு மேல் விரலை வைத்துக்கொண்டு மனைவியைக் கூப்பிட்டேன்.

"மணி என்னங்க?"

"பத்தே முக்கால்."

"வெள்ளிக்கிழமை பத்தரை பன்னிரண்டு ராகு காலம். சாயந்திரம் பண்ணிக்கலாம்."

சாயந்திரம் நண்பர் ஒருவர் வந்து, விலை இன்னும் ஏறும், உடனே பூட்டுங்கள் என்றார். இன்னொருவர் வந்து, போர் நின்றால் இறங்கிவிடும், பொறுங்கள் என்றார். இருவர் சொன்னதும் சரி என்று பட்டது. ஷீட்டில் இருவருக்கும் ஆளுக்கொரு பத்தி ஒதுக்கினேன். இப்படியே செப்டம்பர் பிறந்தது.

செப்டம்பர் 8ஆம் தேதி, பதவியேற்று இரண்டே நாளான பிரதமர் லிஸ் ட்ரஸ், சராசரி வீட்டுக்கு 2,500 பவுண்டு அளவில் விலையை நிறுத்துவதாக அறிவித்தார். மிச்சத்தை அரசாங்கம் ஏற்கும். கூடவே குளிர்கால ஆறு மாதத்துக்கும் மாதம் 66, 67 பவுண்டாக மொத்தம் 400 பவுண்டு உதவி ஏற்கெனவே அறிவிக்கப்பட்டிருந்தது. அன்று மாலையே எலிசபெத் மகாராணி காலமான செய்தி வந்தது. கேஸ் விலையைப் பற்றிப் பேச யாருக்கும் வாயில்லை. என் வாழ்நாளின் மாபெரும் வெற்றியைக் கொண்டாட முடியாமல் ஊரே துக்கத்தில் இருந்தது.

வெற்றிதான். பொத்தானை அழுத்தாதவன் லாபத்தில் நின்றான். அழுத்திய நண்பருக்கும் யூனிட்டுக்கு இவ்வளவு என்று அரசு தள்ளுபடி கொடுத்தது என்றாலும் அவர் கொஞ்ச நாள் என்னைப் பார்த்தால் தெருவைக் கடந்து போனார்.

இந்த 2,500ஐ, யார் வீட்டிலும் பில் இதற்கு மேல் போகாது என்று பலர் புரிந்துகொண்டார்கள். பிரதமரே வானொலியில் அப்படித்தான் பேசினார். உண்மையில் கட்டுப்பாடு யூனிட் விலைக்கு மட்டும்: கரண்டு 34 பென்ஸ், கேஸ் 10.3 பென்ஸ். எரிக்க எரிக்க ஏறும். எரிக்கவே இல்லையென்றாலும், நிலைக் கட்டணமாகக் கரண்டுக்கு 46, கேஸுக்கு 28 என்று அப்போது தினம் 74 பென்ஸ் உண்டு. ஊருக்குப் போய் வீட்டைப் பூட்டி வைத்திருக்கும் மாதத்துக்கும் உண்டு. இதை நான் எல்லோருக்கும் விளக்கினேன். கோவிலில் பிரசாத வரிசையில் விளக்கினேன். பிறந்தநாள் விருந்தில் கேக் வெட்டும் முன் விளக்கினேன். சும்மா இருந்ததற்குக் கிடைத்த பரிசைத் தீர்க்கதரிசனம் என்று நானே நம்ப ஆரம்பித்திருந்தேன். "விலை ஏறும்போது பூட்டக் கூடாது, விலை இறங்கும்போதும் பூட்டக் கூடாது" என்று ஒரு சித்தாந்தம் வகுத்தேன். எப்போது பூட்டலாம் என்று யாரும் கேட்கவில்லை. கேட்கும் வரை யாரும் நிற்கவில்லை.

2023இல் விலை இறங்கியது. உச்சவரம்பு மூன்று மாதத்துக்கு ஒரு முறை மாற ஆரம்பித்தது. என் சொற்பொழிவும் மூன்று மாதத்துக்கு ஒரு முறை மாறியது. 2024 ஆகஸ்டில், அக்டோபர் முதல் மறுபடி பத்து சதவீதம் ஏற்றம், 1,568இலிருந்து 1,717 என்றார்கள். அந்த நேரம் உச்சவரம்பைவிட மலிவாகவே ஃபிக்ஸட் டேரிஃப்கள் சந்தைக்குத் திரும்பியிருந்தன. எக்ஸெல்லில் புது ஷீட் திறந்து, ராகு காலத்துக்குத் தனிப் பத்தி போட்டு, பத்திரமாகச் சும்மா இருந்தேன்.

அக்டோபர் பில்லில் யூனிட் விலை ஏறவில்லை. கம்பெனி தவறிவிட்டது என்று நினைத்து, இதைச் சொல்லலாமா வேண்டாமா என்று இரண்டு பக்கமும் எழுதிப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகுதான் பில்லின் தலைப்பில் என் பெயர் இல்லை என்பதைக் கவனித்தேன்.

"நான்தான் ஃபிக்ஸ் பண்ணினேன்," என்றாள் மனைவி, வெங்காயம் நறுக்கிக்கொண்டே. "நீங்க பிறந்தநாள் வீட்டில் பேசிட்டிருந்தீங்களே, அப்போ. ஃபோன்லயே ஆயிடுச்சு."

"எந்தக் கணக்குப்படி?"

"இப்போ இருக்கறதைவிடக் குறைச்சலா இருந்துது. அபராதமும் இல்லைன்னு போட்டிருந்தான்."

இப்போதும் டேரிஃப் ஆலோசனை கேட்டு எங்கள் வீட்டுக்கு ஆட்கள் வருகிறார்கள். அழைப்புமணிக்குக் கதவு திறப்பதும், மேடம் வரும் வரை அவர்களை உட்கார வைப்பதும், டீ போடுவதும் என் இலாகா. கெட்டில் மூன்று கிலோவாட். தலை எண்ணித்தான் தண்ணீர் ஊற்றுகிறேன்.