மாமனுக்கு 70, மருமகனுக்கு 30

பாஸ்டனில் நார்த்ஈஸ்டர்ன் பல்கலைக்கழக ஹாஸ்டல் அறை ஒன்று. 1998-99 கல்வியாண்டு. ரூம்மேட் புலம்பிக்கொண்டிருக்கிறான்: எம்பி3 தேடினால் லிங்க் வருகிறது, அமுக்கினால் பாட்டு வருவதில்லை. ரூம்மேட் புலம்பினால் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு தூங்குவதுதான் மனித இயல்பு. முதலாண்டு மாணவன் ஷான் ஃபேனிங் தூங்கவில்லை. உலக இசைத் தொழிலுக்குச் சனி பிடித்தது அந்த ராத்திரிதான்.

படிப்பை விட்டான். ஹல் என்ற கடலோர ஊரில் மாமாவின் ஆபீஸில் உட்கார்ந்து ராப்பகலாக ஒரு புரோகிராம் எழுதினான். தன் சுருட்டைத் தலைமுடியைப் பார்த்துக் கூட்டாளிகள் வைத்த பட்டப்பெயரையே அதற்கும் வைத்தான்: நாப்ஸ்டர். 1999 ஜூனில் அது வெளியே வந்தது. கம்பெனி பதிவானபோது தாய்மாமன் ஜான் ஃபேனிங் தனக்கு 70 சதவீதம் எடுத்துக்கொண்டு, எழுதிய பிள்ளைக்கு 30 கொடுத்தார். நம்மூரில் மாமன் சீர் கொண்டுவருவார். அங்கே எடுத்துக்கொண்டு போவார் போலிருக்கிறது. காப்புரிமை பற்றிய இந்தப் பெரிய சண்டையில், படைத்தவன் பங்கு முதலில் பறிபோனது குடும்பத்துக்குள்ளேயே.

நாப்ஸ்டரிடம் ஒரு பாட்டுகூடக் கிடையாது. அது வெறும் கல்யாணத் தரகர். யார் வீட்டில் எந்தப் பாட்டு இருக்கிறது என்று ஒரு நோட்டில் குறித்து வைத்திருக்கும். நீங்கள் கேட்டால் விலாசம் கொடுக்கும். அப்புறம் இரண்டு கம்ப்யூட்டரும் நேராகப் பேசி முடித்துக்கொள்ள வேண்டியது. ‘நாங்கள் எதையும் திருடவில்லை, ஜாதகம்தான் காட்டினோம்’ என்கிற தோரணையில் பின்னால் வக்கீல்கள் வாதாடியதும் இதை வைத்துத்தான். நோட்டு தரகர் கையிலேயே இருந்ததால்தான் நீதிமன்றத்துக்குப் பிடிக்கச் சட்டைக் காலரும் கிடைத்தது.

வீட்டு டயல்-அப்பில் ஒரு பாட்டு இறங்கக் கால் மணி நேரம் ஆகும். முக்கால் பாட்டு இறங்கும்போது அம்மா போனை எடுப்பாள், அறுந்துவிடும். ஹாஸ்டலில் அந்தக் கஷ்டமில்லை. ஆராய்ச்சிக்கு என்று கல்லூரிகள் அதிவேக இணைப்பு போட்டுக் கொடுத்திருந்தன. பிள்ளைகள் ஆராய்ந்தார்கள். விடிய விடிய ஆராய்ந்தார்கள். பேராசிரியரின் ஈமெயில் நகர மறுத்தபோதுதான் சில நிர்வாகங்களுக்குச் சங்கதி புரிந்தது. தடை போட்டார்கள். அறத்துக்காக அல்ல, பேண்ட்வித்துக்காக.

1999 டிசம்பரில் இசைக் கம்பெனிகளின் சங்கமான ஆர்.ஐ.ஏ.ஏ. வழக்குப் போட்டது. அதுவரை நாப்ஸ்டரைக் கேள்விப்படாதவர்களும் பேப்பரில் படித்து, ‘அட, இப்படி ஒன்று இருக்கிறதா’ என்று இறக்கிக்கொண்டார்கள். இத்தனை பெரிய விளம்பரத்தை ஓசியில் செய்து கொடுத்த எதிரி யாருக்கு வாய்க்கும்!

அடுத்து வந்தது மெட்டாலிக்கா இசைக்குழு. ஒரு படத்துக்காகப் பதிவு செய்து, இன்னும் முடிக்காமல் வைத்திருந்த பாட்டு ரேடியோவில் ஒலித்தது. தடம் பிடித்துப் போனால் நாப்ஸ்டர் வாசல். 2000 ஏப்ரலில் வழக்கு. கூடவே யேல், இண்டியானா, தென் கலிஃபோர்னியா என்று மூன்று பல்கலைக்கழகங்களையும் இழுத்தார்கள். கோபம் நியாயமானது, அரைவேக்காட்டுச் சோறு பந்திக்குப் போனால் சமையல்காரருக்குக் கோபம் வரத்தான் செய்யும்.

ஆனால் மே 3 அன்று டிரம்மர் லார்ஸ் உல்ரிச் செய்த காரியம் இருக்கிறதே! 3,35,435 பயனர் பெயர்களைக் காகிதத்தில் அச்சடித்து, பெட்டி பெட்டியாக வண்டியில் ஏற்றி, சான் மடேயோவில் இருந்த நாப்ஸ்டர் ஆபீஸுக்கே கொண்டுபோய் இறக்கினார். இவர்கள் மெட்டாலிக்காவைப் பகிர்ந்தவர்கள், தூக்குங்கள் என்றார். பெயர்களை மட்டும் டெக்ஸ்ட் ஃபைலாக அடித்திருந்தால் நாலைந்து எம்பிக்குள் முடிந்திருக்கும். அதாவது, ஒரே ஒரு எம்பி3 பாட்டின் அளவு. அப்லோடு செய்தே அனுப்பியிருக்கலாம். வாசலில் நின்ற ரசிகர்கள் அவரைத் திட்டித் தீர்த்தார்கள்.

அதைவிட வேடிக்கை, மெட்டாலிக்கா வளர்ந்த கதை. 1982இல் அவர்கள் போட்ட டெமோ கேசட்டை ரசிகர்கள் பிரதி எடுத்து, தபாலில் ஊர் ஊராக அனுப்பித்தான் அவர்கள் பெயர் பரவியது. அதே காலத்தில் நாமும் பாட்டுப் பட்டியலையும் வெற்று கேசட்டையும் ரெக்கார்டிங் சென்டரில் கொடுத்து, ‘அண்ணே, பி சைடு கடைசியில இடம் இருந்தா இன்னொண்ணு போடுங்க’ என்று நின்றவர்கள்தான். எந்த இசையமைப்பாளரும் பெட்டியோடு நம் தெருவுக்கு வரவில்லை.

2000 செப்டம்பரில் எம்டிவி விருது விழா மேடைக்கு ஃபேனிங் மெட்டாலிக்கா டி-ஷர்ட்டோடு வந்தான். சட்டை நன்றாயிருக்கிறதே என்று கேட்டதற்கு, சிநேகிதன் பகிர்ந்தது, சொந்தமாக ஒன்று வாங்கலாமா என்று யோசிக்கிறேன் என்றான். உல்ரிச் பார்வையாளர்களில் உட்கார்ந்திருந்தார்.

சிரிப்பு நீதிமன்றத்தில் எடுபடவில்லை. நீதிபதி மெரிலின் ஹால் பட்டேல் ஜூலையிலேயே தடை விதித்திருந்தார். மேல்முறையீட்டில் கொஞ்சம் மூச்சு கிடைத்தது, 2001 பிப்ரவரியில் அதுவும் போனது. உரிமையுள்ள பாட்டுகளைப் பெயர் பார்த்து வடிகட்டச் சொன்னார்கள். பிள்ளைகள் பெயரைத் திருப்பிப் போட்டுப் பிக் லத்தீனில் எழுதினார்கள். நாம் சின்ன வயதில் பெரியவர்களுக்குப் புரியக்கூடாதென்று ‘கநாகன் கவகரேகன்’ என்று க-பாஷை பேசுவோமே, அதேதான். கோடிக்கணக்கான டாலர் வழக்கை க-பாஷையால் ஏய்க்கப் பார்த்தார்கள். கொஞ்ச நாள் ஓடியது. ஜூலையில் நாப்ஸ்டர் கதவைச் சாத்தியது. அடுத்த வருடம் திவால்.

தரகர் போனால் கல்யாணம் நிற்குமா? கசா என்று இன்னொரு பகிர்வு மென்பொருள் வந்தது, வேறு என்னென்னவோ வந்தன. பொறுமையிழந்த சங்கம் 2003 ஏப்ரலில் நான்கு மாணவர்கள் மேலேயே வழக்குப் போட்டது. சட்டப்படி ஒரு பாட்டுக்கு 1,50,000 டாலர் வரை கேட்கலாம். மிச்சிகன் டெக் மாணவன் ஒருவனின் கணக்கில் ஆறரை லட்சம் ஃபைல். பெருக்கிப் பார்த்த பத்திரிகைகளுக்கு 9,780 கோடி டாலர் வந்தது. அமெரிக்க இசைத்துறை பல வருடம் சேர்ந்து விற்றாலும் தேறாத தொகை. ஹாஸ்டல் மெஸ் பாக்கியையே தவணையில் கட்டுகிற வயசு அவனுக்கு.

அடுத்த மாதமே, ஆளுக்கு 12,000 முதல் 17,500 டாலருக்குள் நால்வரும் சமாதானமாகிவிட்டார்கள். இதில் 12,000 கட்டியவன் ஆர்.பி.ஐ. என்ற கல்லூரியின் மாணவன். அவன் செய்தது கல்லூரி நெட்வொர்க்குக்கு ஒரு தேடுபொறி; பாட்டு, பாடக்குறிப்பு, போட்டோ என்று எது கிடந்தாலும் அது காட்டும். சேமிப்பு மொத்தத்தையும் வழித்துக் கொடுத்துவிட்டு, இணையத்தில் ஒரு உண்டியல் வைத்தான். முகம் தெரியாதவர்கள் சில்லறை சில்லறையாகப் போட்டார்கள். போன பணம் அப்படியே திரும்பி வந்தது. அதில் 70 சதவீதம் கேட்டு எந்த மாமாவும் வரவில்லை.