பெய்ரூட்டிலிருந்து மதினிக்கு

அன்புள்ள மதினிக்கு,

ஸ்பிரிங்வெலித் தோட்டத்தில் மழை விட்டிருச்சா?

"கொழுந்து வேணாம்னுதானே பிளேன் ஏறினே, அங்க என்னடி வேலை?"ன்னு கேட்டிருந்தீங்க. இலை பறிக்கிற வேலைதான். நாலாம் மாடிக் குசினியில் நின்னு பார்ஸ்லிக் கீரையைக் காம்பிலிருந்து ஆய்ஞ்சு எடுக்கிறேன். அட்டைக்கடி இல்லை, நிறுவையில் தண்ணிக்குன்னு கிலோ கழிக்கிறதும் இல்லை. ஆனா வீட்டுக்கார மதாம் வந்து கிண்ணத்தைக் கிளறி, முத்தல் காம்பைத் தூக்கிக் காட்டும்போது, நம்ம பழைய கங்காணியே கவுன் போட்டு வந்து நிக்கிற மாதிரி இருக்கும்.

இவ்வளவு பாடும் டபூலேங்கிற சாலட்டுக்குத்தான். பார்ஸ்லியையும் புதினாவையும் பொடிப்பொடியா அரிஞ்சு, தக்காளி, வெங்காயத்தாள், ஊறவெச்ச கோதுமை நொய் ஒரு பிடி, எலுமிச்சைச்சாறு, ஒலிவ் எண்ணெய் போட்டுப் பிரட்டணும். கோதுமையைத் தேடித்தான் கண்டுபிடிக்கணும், அதுதான் சரியான பதம். ஜூலை முதல் சனிக்கிழமையை டபூலே நாளாவே கொண்டாடுறாங்க. நம்ம வல்லாரைச் சம்பலுக்கு அப்படி ஒரு நாள் வெச்சா, அன்னைக்கும் விடிய வேலைப் பெரட்டுக்கு வரச் சொல்வாங்க.

மதாமுக்கு உங்க வயசு, ஐம்பது. மாதவிலக்கு நின்ன நாளிலிருந்து ராத்திரியில் திடீர்னு உடம்பு கொதிக்குது, வேர்த்துக் கொட்டுது. சாலட் சாப்பிட்டா சூடு தணியும்னு சொல்றாங்க. ஏசியை 18இல வெச்சுக்கிட்டுத்தான் சொல்றாங்க. ஒரு ராத்திரி கரண்ட் போய் ஜெனரேட்டரும் நின்னப்போ சாலட்டோட வண்டவாளம் தெரிஞ்சுபோச்சு.

ஆனா அளவு விஷயத்தில் இவங்ககிட்ட நாம படிக்கணும். இங்க ஆளுக்கு ஒரு கிண்ணம் நிறையக் கீரை. நமக்கு சோறு நமுனுகல மலை உயரம், பக்கத்தில் சம்பல் ஒரு கரண்டி. உலக சுகாதார நிறுவனம் நாளைக்கு 400 கிராம் மரக்கறியும் பழமும் சாப்பிடச் சொல்லுது. நாம கறிவேப்பிலையையும் சேர்த்து நிறுத்தாலும் எட்டாது. வெலிமடை கேரட் எல்லாம் லொறி ஏறிக் கொழும்புக்குப் போகுது, நாம கையசைச்சு அனுப்பி வைக்கிறோம்.

அதனால அந்தியில் மலையிலிருந்து வந்ததும் இந்தச் சாலட்டைச் செய்ங்க. வல்லாரை ரெண்டு கட்டு. பீலிக்கரையில் முளைச்சதுன்னா உப்புத்தண்ணியில் போட்டு நாலஞ்சு தடவை அலசுங்க, மேல யார் யார் என்ன கழுவுறாங்கன்னு நமக்குத் தெரியுமே! ஒரு கேரட் துருவி, வெள்ளரிக்காய், தக்காளி, வெங்காயம், பச்சைக் கொச்சிக்காய் நறுக்கி, காலையில் அவிச்ச கௌபியில் ரெண்டு பிடி எடுத்துப் போடுங்க. தேங்காய்ப்பூ ஒரு பிடி போதும். வல்லாரையைக் கடைசியா அரியணும், முந்தியே அரிஞ்சா கறுத்துப்போகும். தேசிக்காயும் உப்பும் சாப்பிடப் போற நேரம்தான், இல்லேன்னா தண்ணி விட்டு நிக்கும். மாசித்தூள் ஒரு சிட்டிகைக்கு மேல வேணாம், உங்களுக்குப் பிரஷர் இருக்கு. அதுக்குப் பதிலா உப்புப் போக ஊறவெச்சு வறுத்த நெத்தலியை முள்ளோட மென்னு தின்னுங்க. மாதவிலக்கு நின்ன பிறகு எலும்பு வேகமாத் தேயுமாம், கல்சியம் வேணும்.

இன்னொண்ணு சொன்னா கோபிக்காதீங்க. சாப்பிட்ட கையோட சாயத்தண்ணி வேணாம். கீரையிலும் கௌபியிலும் இருக்கிற இரும்புச்சத்தை உடம்பில் சேர விடாமத் தேயிலை தடுக்கும், தேசிக்காய்ப்புளி சேர உதவும். ஒரு மணித்தியாலம் கழிச்சுக் குடிங்க. நாம பறிச்ச கொழுந்தே நம்ம இரத்தத்தில் கை வைக்குதுன்னு கேட்டா, அண்ணன் யூனியனில் போய்ப் பேசுவார்.

எல்லாருக்கும் போட்டுட்டு சட்டியை வழிச்சுத் தின்கிற வேலை வேணாம் மதினி, முதல் கிண்ணம் உங்களுக்கு எடுத்து வைங்க. அடுத்த தடவை கிளினிக் போகும்போது இரத்தம் சோதிக்கச் சொல்லுங்க. ஹீமோகுளோபின் 12க்குக் கீழ இருந்தா கீரை மட்டும் காணாது, டொக்டர் தர்ற குளிசையை விடாமப் போடணும். எவ்வளவு இருக்குன்னு மறக்காம எனக்கு எழுதுங்க.

அன்புடன்,
உங்க நாத்தனார்