பிரேக் பெயில் என்றொரு கொலையாளி

மலையகத்தில் வாகனம் பள்ளத்தில் விழுந்தால் குற்றவாளியைத் தேடி யாரும் அலைய வேண்டியதில்லை. பெயர் தயாராக இருக்கிறது: பிரேக் பெயில். இவருக்கு முதலாளி இல்லை, விலாசம் இல்லை. எத்தனை உயிரை எடுத்தாலும் விளக்கமறியலுக்குப் போனதில்லை.

இவரை வளர்ப்பது நாம்தான். ஹட்டனிலிருந்து நோர்வூட் வருபவர் பெட்ரோல் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் உருட்டுகிறார். இன்னொருவர் டாப் கியரில் பிரேக்கை மட்டும் மிதித்தபடி இறங்குகிறார். கருகிய வாடையா? "பெக்டரியில கொழுந்து கருகுதுங்க" என்று சமாதானம் சொல்கிறார்! பஸ்ஸின் பிரேக் காற்றில் இயங்குவது. அடிக்கடி மிதித்தால் டாங்கியில் காற்று இறங்கும், லைனிங் சூடேறிப் பிடி விடும். காரிலோ பிரேக் எண்ணெய். அது காற்றிலுள்ள ஈரத்தைக் குடிக்கும். எங்கள் ஊரில் ஈரத்துக்கா பஞ்சம்? புதிதாக இருக்கையில் 205 பாகை செல்சியஸ் வரை தாங்க வேண்டிய டொட் 3 எண்ணெய், ஈரம் ஏறினால் 140 பாகையிலேயே கொதிக்கலாம். கொதித்தால் குமிழி, குமிழி அமுங்கும், பெடல் தரையைத் தொடும், கார் நிற்காது. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றினீர்களா என்று கேட்டால், "குறையவே இல்லையே" என்கிறார்கள்.

அடுத்தவர் படித்தவர். லீசிங்கில் அகுவா ஹைபிரிட் எடுத்தவர். கியரில் 'பி' (B) என்று ஓர் எழுத்து இருக்கிறது, இறக்கத்தில் எஞ்சினைக் கொண்டே வேகத்தைப் பிடிக்க. தொட்டால் பழுதாகும் என்று அதைத் தீண்டாமல் வைத்திருக்கிறார். கார் ஜப்பானிய மொழியில் மரியாதையாகப் பேசுகிறது. இவரும் மரியாதையாகக் கேட்டுக்கொள்கிறார். எச்சரிக்கை விளக்கு எரிந்தால் கராஜ் பாஸ் அதன்மேல் ஸ்டிக்கர் ஒட்டுகிறார். வண்டி இலக்கத்தின் கூட்டுத்தொகைக்குச் சோதிடம் பார்த்தவருக்கு, டயரில் உள்ள 3517 என்றால் அது 2017இன் 35ஆவது வாரத்தில் செய்தது என்று தெரியாது.

அவருக்குச் சொல்லிக்கொடுத்தது யார்? எல் போர்டு மாட்டி டவுனில் நாலு சுற்று. லைசன் கைக்கு வந்துவிடும். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தி, 2025 வரை பழைய வண்டிகளையே தேய்க்க வைத்தது அரசாங்கம். திறந்த கையோடு வரியைப் போட்டது. வருடாவருடம் காரின் புகைக்குழாயைச் சோதிக்கிறது; அந்தச் சான்றிதழ் இல்லாமல் வருமான அனுமதிப்பத்திரம் கிடையாது. சொந்தக் காரின் பிரேக்கை மட்டும் எவரும் பார்ப்பதில்லை. புகை விடாமல் பள்ளத்தில் பாயும் கார் இந்த நாட்டில் சட்டப்படி சரியான கார்!

தோட்டத்திலோ கொழுந்துக்கும் ஆளுக்கும் ஒரே லொறி. கொழுந்து நசுங்கினால் தேயிலை தரம் கெடும் என்று சாக்கைப் பார்த்து அடுக்குவார்கள். பறித்தவளை அடுக்க அளவு கிடையாது. மனிதர் நசுங்கினால் ஏலத்தில் விலை குறையாதே!

2023 ஜனவரி 20, நானுஓயா ரதல்ல: பலி 7 பேர். 2025 மே 11, கொத்மலை கரண்டியெல்ல: 20க்கும் மேற்பட்டோர். 2025 செப்டம்பர் 4, எல்ல–வெல்லவாய வீதி: 15 பேர். ஒவ்வொன்றுக்கும் காரணம் வேறாக இருக்கலாம். பிறகு வரும் மலர்வளையம், விசாரணைக் குழு, அனுதாப அறிக்கை எல்லாம் ஒன்றே. அடுத்த பஸ் கவிழும்வரை அறிக்கை அலுமாரியில் தூங்கும்.

ஆகவே ஓட்டுநர்களே, ஏறும்போது போட்ட கியரையே இறங்கும்போதும் போடுங்கள். பயணிகளே, கருகிய வாடை வந்தால் வாயைத் திறந்து வண்டியை நிறுத்தச் சொல்லுங்கள். சொகுசு ஜீப்பில் ஓட்டுக் கேட்டு வருகிறவரிடம் கோயிலுக்கு மணி கேட்டது போதும். சொந்த வாகனத்துக்கும் பிரேக் சோதனை, லைசனுக்கு மலை இறக்கப் பயிற்சி, தொழிலாளர் ஏற இருக்கையுள்ள வண்டி என்று மூன்றைக் கேளுங்கள். தரமாட்டேன் என்றால் ஓட்டும் இல்லை என்று முகத்துக்கு நேரே சொல்லுங்கள்.