மிக்ஸரா, ஆர்மோனியமா?

கேள்வி: எங்கள் சபையில் பாடல் குழுவை நடத்துகிறேனுங்க. பசங்க டிஜிட்டல் மிக்ஸர் கேட்கிறாங்க. பெரியவர்கள் ஆர்மோனியமே போதும் என்கிறார்கள். எதை வாங்கலாம்?
– ஒரு வாசகர், கிணத்துக்கடவு

பதில்: முதல்ல யூ.பி.எஸ். வாங்குங்க. கரண்ட் போனா மிக்ஸர் ஊமை. ஆர்மோனியத்துக்குக் கவலையே இல்லை. கிறிஸ்தவக் கீர்த்தனைக் கவிஞர் தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் (1774–1864) மைக் இல்லாமலேதான் ஊரைக் கூட்டிப் பாடினார்.

மிக்ஸரும் வீண் இல்லைங்க. எந்தப் பையன் குமிழைத் திருகி வைத்தாலும், சேமித்து வைத்த பழைய அமைப்பை ஒரே தட்டில் மீட்கலாம். ஆனால் உயரமான கூரையின் எதிரொலியை அது அடக்காது. அதற்கு ஸ்பீக்கரை ஜனங்கள் பக்கம் சாய்த்து வைக்கணும். அப்புறம், பாடகர் எட்டிப் பிடிக்கிற சுருதி கடைசி வரிசைப் பாட்டிக்கு எட்டாது. கீபோர்டில் டிரான்ஸ்போஸ் பொத்தான் சும்மா கிடக்குமே, அதை இரண்டு தட்டு இறக்குங்க. செலவு பூஜ்யம்.

திரையில் போடும் பாட்டு வரிகளை யூனிகோடிலேயே அடிக்கச் சொல்லுங்க. பாமினியில் அடித்ததை, அந்த எழுத்துரு இல்லாத லேப்டாப்பில் திறந்தால் ஆங்கில எழுத்தும் குறியுமாகக் கொட்டும். அப்புறம் சபை மொத்தமும் அந்நிய பாஷையில்தான் பாடணும்!